தேவாங்கின் வழி

மனிதன் பகலில் விழித்திருந்து இரவில் உறங்குபவன். ஆதலால், தான் உறங்கும் வேளையில் விழித்திருக்கும் உயிர்களைப் பற்றி அவன் கொண்டுள்ள எண்ணங்கள் பெரும்பாலும் அச்சத்தினின்று பிறந்தவையாகவே உள்ளன. ஆந்தை அலறினால் இழவு வரும் என்றான். கூகையைக் கண்டால் எடுத்த காரியம் கெடும் என்றான். வௌவால் வீட்டிற்கு ஆகாது என்றான். ஆந்தைக்குச் சிறகு உண்டு, வௌவாலுக்கும் உண்டு. கல்லெறிந்தால் அவை பறந்து தப்பும். சிறகும் இன்றி, வாலும் இன்றி, ஒரு கிளையினின்று மறு கிளைக்குத் தாவும் ஆற்றலும் இன்றி, மனிதனுடைய அச்சத்திற்கு முழுவதும் ஆளான சிற்றுயிர் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. அதுவே தேவாங்கு.

மெலிந்த பிள்ளையைத் 'தேவாங்கு' என்று ஏசுவது தமிழ் மக்களிடையே நெடுநாளைய வழக்கம். அவ்வாறு ஏசுபவர்களுள் தேவாங்கை நேரில் கண்டவர் மிகச் சிலரே. கற்றவர்களும் இவ்வுயிருக்கு நல்ல பெயர் இட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. உலகத்து உயிர்களையெல்லாம் வகைப்படுத்திப் பெயரிட்ட சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு, 1758 ஆம் ஆண்டில் தேவாங்கை 'லெமூர்' என்னும் இனத்தில் சேர்த்தார். பண்டை உரோமானியர் இறந்தோரின் ஆவிகளைக் குறிக்க வழங்கிய சொல்லினின்று பிறந்த பெயர் அது. 'மெல்ல நடப்பது' என்னும் பொருளுடைய மற்றொரு சொல்லையும் அவர் அதனோடு இணைத்தார். ஆகவே, பேய் என்பதும் சோம்பேறி என்பதும் தேவாங்கிற்கு மேலை நாட்டிலும் கிடைத்த பட்டங்களே.

உண்மையில் தேவாங்கு எத்தகையது? அது குரங்கினத்தோடு உறவுடைய பாலூட்டி. தென்னிந்தியாவில் வாழும் சாம்பல்நிறத் தேவாங்கு ஏறக்குறைய கால் கிலோ எடையே உடையது. கைகால்கள் குச்சிபோல் மெலிந்து நீண்டவை. உடலுக்குப் பொருந்தாத அளவிற்குப் பெரிய இரு கண்கள் முகத்தின் முன்புறத்தில் அமைந்துள்ளன. சிறிதளவு ஒளியையும் வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்ள இயற்கை அளித்த கண்கள் அவை. விழியின் பின்புறத்தே ஒளியைத் திருப்பி அனுப்பும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. ஆகையால் விளக்கொளி படும்போது அக்கண்கள் தணல்போல் மின்னுகின்றன. இருண்ட காட்டில், உடல் தெரியாமல், இரு தணல்கள் மட்டும் கிளைமேல் அசைவதைக் கண்டவன் அஞ்சியது வியப்பன்று. அந்த அச்சத்தின் பெயரால் அவன் செய்த கொடுமையே வியப்புக்குரியது.

அக்கண்களைப் பிடுங்கி மருந்து செய்தால் நோய் தீரும் என்றனர். மாந்திரீகத்திற்கு உதவும் என்றனர். உயிரோடு பிடித்துக் கூண்டிலிட்டு, குறி சொல்வதற்கு ஊர் ஊராகத் தூக்கிச் சென்றனர். பகல் வெயிலின் வெளிச்சம் அதன் கண்களுக்கு எத்தகைய துன்பம் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தேவாங்கை முதல் அட்டவணையில் வைத்துள்ளது. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பே அதற்கும் உண்டு. எனினும், சட்டம் காட்டின் எல்லையில் நின்று காவல் புரியலாமே தவிர, மக்கள் மனத்தில் உள்ள இருளை நீக்க அதனால் இயலாது. அவ்விருளை நீக்கவல்லது அறிவு ஒன்றே. தேவாங்கைப் பற்றிய அறிவோ மிக அண்மைக் காலத்தில்தான் கிடைத்தது.

அவ்வறிவு கிடைத்த இடம் திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர்ப் பகுதியில் உள்ள முட்காடு. 1990களின் பிற்பகுதியில், பின்னாளில் இங்கிலாந்தில் பேராசிரியராக விளங்கிய அன்னா நெக்காரிசு என்னும் ஆய்வாளர் அங்கே வந்து பத்து மாதங்களுக்கு மேல் தேவாங்குகளைப் பின்தொடர்ந்தார். ஏறக்குறைய அதே காலத்தில் மைசூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மேவா சிங்கும், சிந்து ராதாகிருஷ்ணா என்னும் அம்மையாரும் திண்டுக்கல் பகுதியில் தேவாங்கின் வாழ்க்கையை ஆராய்ந்தனர். இவ்வாராய்ச்சி நூலகத்தில் அமர்ந்து செய்வதன்று. பொழுது சாயும்போது தொடங்கி, விடியும்வரை முள்ளுக்கும் கல்லுக்கும் இடையே நடந்து செய்வது. வெண்ணிற விளக்கொளி தேவாங்கின் கண்களை வருத்தும் என்பதனால், நெற்றியில் கட்டிய விளக்கைச் சிவப்புத் தாளால் மறைத்து, மங்கலான செவ்வொளியில் அதைத் தேட வேண்டும். தொலைவில் கண்ணொளி தெரிந்ததும் ஓசையின்றி நின்று, அது எங்கே செல்கிறது, எதை உண்கிறது, எதனோடு சேர்கிறது என்று ஒவ்வொன்றையும் நேரம் குறித்து எழுத வேண்டும். ஓரிரவில் பல மணி நேரம் நடந்தும் ஒன்றும் காணாமல் திரும்புவதும் உண்டு. பேரோசையோடு நடைபெறும் செயல்களே பெருஞ்செயல்கள் என்று எண்ணுவோர், இத்தகைய இரவுகளை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நன்று.

இப்பொறுமையால் விளைந்த பயன் என்ன? முதலாவதாக, தேவாங்கு தனித்துத் திரியும் உயிர் என்ற பழைய கருத்துத் தகர்ந்தது. இரவில் அது தனியே இரை தேடினாலும், பொழுது புலரும்போது சில தேவாங்குகள் ஒன்றுகூடி, ஒன்றையொன்று தடவிக் கொடுத்து, முள் அடர்ந்த மரத்தில் ஒருங்கே உறங்குகின்றன. முள் அவற்றிற்குக் கதவு, தாழ்ப்பாளும் அதுவே. சோம்பேறி என்ற பழியும் நில்லாமல் போயிற்று. தேவாங்கு மெல்லச் செல்வது சோம்பலால் அன்று. கிளை அசையாமல், இலை சலசலக்காமல், இரைக்கும் பகைக்கும் தெரியாமல் செல்லும் திறமையால். வேண்டும்போது விரைந்து செல்லவும் அது வல்லது.

அதன் உணவு பற்றிய செய்தி இன்னும் சுவையானது. அய்யலூரில் தேவாங்குகள் உண்டவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை சிற்றுயிர்களே. அவற்றுள்ளும் எறும்பும் கறையானும் மிகுதி. நச்சுத்தன்மையுள்ள பூச்சிகளையும், கடிக்கும் எறும்புகளையும் அது தின்கிறது. அவ்வாறு தின்னும்போது தன் சிறுநீரைக் கைகால்களிலும் முகத்திலும் பூசிக்கொள்கிறது. நச்சுப்பூச்சிகளால் உண்டாகும் எரிச்சலைத் தணிக்க அது கையாளும் முறையாக இது இருக்கலாம் என்பர். பிறர்க்கு அருவருப்பாகத் தோன்றும் இச்செயலை, ஆராய்ச்சியாளர் பல இரவுகள் கூர்ந்து நோக்கி அதன் உணவோடு தொடர்புபடுத்தினர். அருவருப்புக்கும் அறிவுக்கும் இடையே உள்ள தொலைவு சில இரவுகளின் பொறுமையே போலும்!

இவை எல்லாவற்றிலும் காப்பாற்றுவோர்க்கு இன்றியமையாத உண்மை ஒன்று உண்டு. தேவாங்கு தாவுவதில்லை. குரங்கு ஒரு மரத்தினின்று இன்னொரு மரத்திற்குப் பாயும், அணிலும் பாயும். தேவாங்கோ ஒரு கையால் பற்றியிருக்கும் கிளையை விடுமுன் மறு கையால் அடுத்த கிளையைப் பற்றியாக வேண்டும். ஆகவே, மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்கு வழி உண்டு. கிளைத்தொடர் அறுந்த இடத்தில் அது தரையில் இறங்க வேண்டும். தரையில் நாயும் பூனையும் உள்ளன. சாலை குறுக்கிட்டால் ஊர்திகளும் உள்ளன. மனிதனுக்கு நாலைந்து அடி இடைவெளியாகத் தோன்றுவது தேவாங்கிற்கு உயிர்ப்போராட்டம். காட்டில் எத்தனை மரங்கள் உள்ளன என்று எண்ணுவதைவிட, அம்மரங்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பார்ப்பதே தேவாங்கின் கணக்கு.

தமிழ்நாட்டு அரசு 2022 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் காட்டைக் கடவூர்த் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்கிற்கென்று இந்தியாவில் அமைந்த முதற் சரணாலயம் இதுவே. புலிக்கும் யானைக்கும் காடு ஒதுக்குவது எளிது. அவற்றின் பெருமையை எவரும் ஒப்புவர். கால் கிலோ எடையுள்ள உயிருக்காக ஓர் அரசு காட்டை ஒதுக்கியது பாராட்டத்தக்க செயலே. ஆயினும், சரணாலயம் அமைந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று இருந்துவிடுதல் பொருந்தாது. தேவாங்கு சரணாலயத்தின் எல்லைக் கல்லைப் படித்து வாழும் உயிர் அன்று. காட்டின் ஓரத்தில் உள்ள தோப்பிலும், வயல் வரப்பின் உயிர்வேலியிலும், கோயில் காட்டிலும் அது வாழும். அவ்விடங்களில் மரம் வெட்டப்பட்டால், வெட்டியவருக்குத் தெரியாமலேயே ஒரு வழி மூடப்பட்டுவிடுகிறது.

இவையெல்லாம் கரூர்க்கும் திண்டுக்கல்லுக்கும் உரிய செய்திகள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாழ்வோர்க்கு இவற்றால் ஆவது என்ன என்று சிலர் கேட்கக்கூடும். சாம்பல்நிறத் தேவாங்கிற்கு அறிவியல் உலகில் இன்று வழங்கும் பெயர் 1908 ஆம் ஆண்டில் இடப்பட்டது. எசுப்பானிய அறிஞர் காப்ரேரா அதை விளக்கி எழுதியபோது, அதன் முன்மாதிரிக்கு உரிய இடமாகக் குறிக்கப்பட்டது சென்னை என்னும் பெயரே. திண்டுக்கல்லின் பெயர் ஆராய்ச்சியாளர் ஏடுகளில் ஏறுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, சென்னையின் பெயரால் அறியப்பட்ட உயிர் இது. மேலும், திண்டிவனம் என்னும் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். 'திந்திரிணி' என்பது புளியமரத்தைக் குறிக்கும் வடசொல். திந்திரிணி வனம் என்பதே திண்டிவனம் ஆயிற்று என்பர். புளியங்காடு என்ற பெயரைத் தாங்கிய ஊரில் மரத்தில் வாழும் உயிரைப் பற்றிப் பேசுவது பொருத்தமற்றது ஆகுமா?

திண்டிவனத்திற்கு மேற்கே செஞ்சிக் கோட்டையின் மலைகள் உள்ளன. பாறைகளின் இடையே முட்புதரும் உலர்ந்த காடும் நிறைந்தவை அவை. கிழக்கே, கடற்கரையை ஒட்டிய புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றி ஒரு காடு நிற்கிறது. ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையோரம் பரவியிருந்த உலர்நிலப் பசுமைக்காட்டின் எச்சம் அது. ஐயனார்க்கு அஞ்சி மக்கள் அங்கே கோடரியை எடுத்துச் செல்லாமையால் அது பிழைத்தது. அச்சத்தால் தேவாங்கு அழிந்தது. அச்சத்தால் காடு பிழைத்தது. மனித மனத்தின் போக்கு விந்தையானதே. முட்புதரும் கோயில்காடும் தேவாங்கு விரும்பும் நிலங்கள். ஆனால் மலைக்கும் கோயில்காட்டிற்கும் இடையே கிளைத்தொடர் எங்கே?

விழுப்புரம் மாவட்டத்தில் கழுவெளி என்னும் பெரிய நீர்நிலை உள்ளது. குளிர்காலத்தில் தொலைநாடுகளிலிருந்து பறவைகள் அங்கு வருகின்றன. 2021 ஆம் ஆண்டில் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆம் ஆண்டில் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார்ப் பட்டியலிலும் இடம் பெற்றது. பறவை பகலில், திறந்த நீர்ப்பரப்பில், பல்லாயிரம் கண்கள் காண நிற்கிறது. அதைக் காண்போர் உண்டு; எண்ணுவோர் உண்டு; எண்ணிய கணக்கை அரசுக்கு எடுத்துரைப்போர் உண்டு. இரவில் உலவும் உயிருக்கோ சாட்சி சொல்வோர் அரியர். கணக்கில் ஏறாத உயிர் காப்பிலும் ஏறாது. ஆகவே, ஆண்டுதோறும் பறவைகளைக் கணக்கெடுப்பது போலவே, செஞ்சி மலைகளிலும் கோயில்காடுகளிலும் இரவுக் கணக்கெடுப்பும் முறையாக நடைபெறுதல் வேண்டும். அய்யலூரில் கையாண்ட செவ்வொளியும் குறிப்பேடும் இதற்குப் போதும், பெரும்பொருள் வேண்டுவதில்லை.

சாலைகளைப் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். சென்னையினின்று திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே செல்லும் பெருஞ்சாலை இன்று அகன்ற நாற்கரச் சாலை. தமிழ்நாட்டின் பழைய சாலைகளில் இருபுறமும் புளியமரங்கள் கைகோத்து நின்று பந்தல் அமைத்திருந்தன. சாலைகள் அகன்றபோது அவை விழுந்தன. சாலை வேண்டாம் என்று அறிவுடையோர் எவரும் கூறார். நோயாளியை விரைந்து மருத்துவமனை சேர்க்கும் சாலை எவர்க்கும் தேவையே. ஆனால் சாலையை அளப்பவர்கள் மேலே கிளைகள் கூடியிருந்ததை அளக்கவில்லை. விழுந்த மரத்திற்கு ஈடாகப் பத்து மரக்கன்றுகள் நடுவோம் என்று கூறப்படுவது உண்டு. 2022 ஆம் ஆண்டில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், காடும் மரமும் நிறைந்த பரப்பை மாநிலத்தின் நிலப்பரப்பில் 33 விழுக்காட்டிற்கு உயர்த்த எண்ணுகிறது. அந்நோக்கம் நல்லதே. எனினும், தொட்டியில் வளர்த்த அழகுச்செடிகளைத் தொலைவு தொலைவாக நட்டுக் கணக்குக் காட்டுவதால் தேவாங்கிற்குப் பயன் இல்லை. வேலும் வேம்பும் புளியும் கிளைகள் கூடும்படி நெருங்கி நிற்க வேண்டும்.

அறுந்த வழியை மீண்டும் இணைக்க இயலுமா? இயலும் என்பதற்குச் சாவகத் தீவு சான்று. அங்கு வாழ்வது தேவாங்கின் உறவினமாகிய, சற்றுப் பருத்த, மெதுநடைத் தேவாங்கு. மேற்குச் சாவகத்தின் சிப்பகாந்தி என்னும் சிற்றூரில் அவ்வினம் உழவர்களின் தோட்டங்களிலேயே வாழ்கிறது. மரங்கள் குறைந்த அத்தோட்டங்களில் நெக்காரிசும் அவர் குழுவினரும், மரத்திற்கு மரம் உயரத்தில் நீர்க்குழாய்களைக் கட்டினார்கள். அவை உழவரின் பயிருக்கு நீர் கொண்டு சென்றன. அவற்றின்மேல் தேவாங்குகள் நடந்து சென்றன. உழவர்க்கு ஒரு நன்மை, உயிருக்கு ஒரு பாலம். காப்பு முயற்சி என்றால் உழவரை விரட்டுவது என்று எண்ணுவோரும், உழவு என்றால் காட்டை அழிப்பது என்று எண்ணுவோரும் இக்குழாய்களைப் பற்றி அறிந்துகொள்ளல் வேண்டும்.

இத்தனை முயற்சிக்குத் தேவாங்கினால் மனிதனுக்கு என்ன ஆதாயம் என்று கேட்பவரும் இருப்பர். பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவுகிறது என்று விடை கூறலாம், அவ்விடை பொய்யன்று. ஆனால் அது முழுமையான விடையும் அன்று. ஆதாயம் தருவதே வாழ உரியது என்றால், ஆதாயம் குறைந்த நாளில் அதைக் கொல்லவும் உரிமை வந்துவிடும். திண்டிவனத்தை அடுத்த திருவக்கரையில் கல்லாய்க் கிடக்கும் மரங்கள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அரசு அவற்றிற்கு வேலியிட்டுக் காவல் அமைத்துள்ளது. அவற்றால் என்ன ஆதாயம் என்று எவரும் கேட்பதில்லை. எகிப்து நாட்டு ஃபாயூம் பாலையில் கிடைத்த எச்சங்களால், தேவாங்கின் குலம் 3 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது என்று தெரிகிறது. கல்லான மரத்தினும் பழைய குலம், இன்றும் மூச்சுவிட்டுக்கொண்டு கிளையில் நடக்கிறது. கல்லுக்குக் கிடைத்த மதிப்பு உயிருக்குக் கிடைக்கலாகாதா?

அச்சம் குறைந்த இடத்தில் வேறொரு தீங்கு தலைகாட்டியிருப்பதையும் மறத்தல் ஆகாது. அதன் பெயர் ஆசை. தேவாங்கின் அகன்ற கண்களைக் கண்டு அதை வீட்டில் வளர்க்க விரும்புவோர் பெருகியுள்ளனர். மெதுநடைத் தேவாங்கு ஒன்று கைகளை மேலே தூக்கி, கூச்சம் காட்டப்பட்டு மகிழ்வது போன்ற காணொளிகள் உலகெங்கும் பரவின. அது மகிழ்ச்சி அன்று, தற்காப்பு நிலை. அவ்வினத்தின் முழங்கைப் பக்கத்தில் ஒரு சுரப்பி உண்டு. அச்சம் நேரும்போது கையைத் தூக்கி அதை நக்கி, அந்நீரை உமிழ்நீரோடு கலந்து நஞ்சாக்கிக் கொண்டு கடிக்கும். அதனால், விற்பவர்கள் அதன் பற்களை முன்னரே பிடுங்கிவிடுகின்றனர். பல்லிழந்த உயிரைக் காட்டில் மீண்டும் விடவும் வழியில்லை. அச்சம் கொண்டவன் கல்லெறிந்தான். ஆசை கொண்டவன் பல்லைப் பிடுங்கினான்.

இரக்கம் கொண்டவனும் தெரியாமல் தீங்கு செய்வது உண்டு. பெண் தேவாங்கு ஏறக்குறைய ஐந்தரை மாதம் சுமந்து ஒன்றோ இரண்டோ குட்டிகளை ஈனும். தொடக்கத்தில் அவை தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டே செல்லும். சில வாரங்கள் கழிந்ததும், இரவு தொடங்கும்போது தாய் அவற்றைக் கிளையில் விட்டுவிட்டு இரை தேடப் புறப்படும். வழியே செல்பவர் அக்குட்டியைக் கண்டால், தாயை இழந்த குழந்தை என்று எண்ணி எடுத்துச் செல்லத் துணிவர். எடுக்க வேண்டுவதில்லை, விளக்கை அதன் முகத்தில் காட்டவும் வேண்டுவதில்லை. தாய் அதே தோப்பில்தான், எறும்பு தேடிக்கொண்டிருக்கும். கிளைகள் தொடர்ந்திருக்குமானால், விடியுமுன் அது திரும்பி வரும்.